வாங்கவே முடியாத காரை ஏன் மணிக்கணக்கில் பார்க்கிறார்கள்?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் அறைச் சுவர் முழுக்க லம்போர்கினி, ஃபெராரி படங்களை ஒட்டி வைத்திருக்கிறான். நேரம் கிடைத்தால் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நம் தெரு வேகத்தடையைத் தாண்டாது, இரண்டு பேருக்கு மேல் உட்கார முடியாது, ஒரு பெட்டி வைக்க இடமில்லை. பணக்காரர்கள் பகட்டுக்கு வாங்கும் பொருளில் ரசிக்க என்ன இருக்கிறது, அந்த வடிவமெல்லாம் வெறும் ஷோதானே?

பகட்டு உண்டு, மறுக்கவில்லை. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அதற்காகவே வாங்குகிறார்கள் என்று சொன்னாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் உங்கள் மகன் வாங்குகிறவன் இல்லை, பார்க்கிறவன். அவன் பார்ப்பது வேறு. கோவையில் இருபத்திரண்டு வருடமாக, தகட்டை அழுத்தி வடிவமாக்கும் டை என்ற அச்சு செய்யும் வேலையில் இருப்பவன் நான். தகடு எந்த வளைவுக்கு மடங்கும், எங்கே சுருக்கம் விழும், எங்கே கிழியும் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். அந்தக் கண்ணோடு பார்த்தால் அந்த வடிவங்களில் ஷோவை விடப் பிடிவாதம்தான் அதிகம் தெரிகிறது. எஞ்சின் ஓர் இடம் கேட்கிறது, மனுஷன் ஓர் இடம் கேட்கிறான், காற்று ஒன்று கேட்கிறது, சூடு ஒன்று கேட்கிறது. நாலு பேருக்கும் நடந்த பங்காளிச் சண்டையில் யார் எவ்வளவு ஜெயித்தார்கள் என்பது காரின் மேல் தோலில் எழுதியிருக்கிறது.

பொதுவாகப் பேசினால் காற்றில் போய்விடும். ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 1966ல் வந்த லம்போர்கினி மியூரா.

ஃபெருச்சியோ லம்போர்கினி டிராக்டர் செய்து காசு பார்த்தவர். 1963ல் இத்தாலியில் பொலொன்யா பக்கம் சான்ட் அகாத்தா என்ற சின்ன ஊரில் கார் கம்பெனி ஆரம்பித்தார். நீண்ட தூரம் அலுங்காமல் ஓடும் சொகுசுக் கார்தான் அவர் மனதில் இருந்தது. ரேஸ் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்பதில் உறுதியாக இருந்தார். அவரிடம் வேலை பார்த்தவர்களுக்கோ ரேஸ் கார் மேல்தான் கண். ஜான் பாவ்லோ தல்லாரா, பாவ்லோ ஸ்டன்சானி என்று இரண்டு பொறியாளர்கள், நியூசிலாந்திலிருந்து வந்த டெஸ்ட் டிரைவர் பாப் வாலஸ். மூன்று பேருக்கும் அப்போது முப்பது வயது நிரம்பவில்லை. வேலை நேரம் முடிந்த பிறகு உட்கார்ந்து ஒரு புது சேஸிஸை, அதாவது காரின் அடிச்சட்டத்தை, யோசித்தார்கள்.

அவர்கள் கையில் இருந்தது 12 சிலிண்டர் வி12 எஞ்சின். அதுவரை ரோட்டில் ஓடும் பெரிய கார்களில் இந்த மாதிரி எஞ்சின் டிரைவருக்கு முன்னால், நீளமான பானட்டுக்குள் இருக்கும். ரேஸ் கார்களில் அதற்குள் எஞ்சின் டிரைவருக்குப் பின்னால் போய்விட்டது. காரணம் எளிது. தலையில் ஒரு குடத்தோடு நிற்கிறீர்கள், யாரோ கூப்பிட்டால் சட்டென்று திரும்பிவிடலாம். அதே எடையைக் காவடித் தண்டின் இரண்டு முனையிலும் தொங்கவிட்டுத் திரும்பிப் பாருங்கள். திரும்ப ஆரம்பிப்பதும் கஷ்டம், திரும்பியதை நிறுத்துவதும் கஷ்டம். காரின் எடை நடுவில் குவிந்திருந்தால் வளைவில் அது குடத்தைப் போல, முனைகளில் இருந்தால் காவடியைப் போல.

சரி, எஞ்சினைப் பின்னால் வைத்துவிடலாம். ஆனால் வி12 நீளமானது. அதற்குப் பின்னால் கியர்பாக்ஸும் வந்தால் கார் ரயில் பெட்டி மாதிரி ஆகிவிடும். அவர்கள் எடுத்த முடிவு, எஞ்சினைக் குறுக்கே திருப்பிப் போடுவது. இங்கிலாந்தில் 1959ல் வந்த குட்டி மினி காரில் நாலு சிலிண்டர் எஞ்சின் அப்படித்தான் குறுக்கே இருந்தது. அதே யோசனையைப் பன்னிரண்டு சிலிண்டருக்குச் செய்தார்கள். எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டையும் ஒரே வார்ப்பில் ஊற்றி, இரண்டுக்கும் ஒரே ஆயிலை ஓடவிட்டார்கள். சாதாரண மனிதர்களின் மலிவுக் காரிலிருந்து வந்த யோசனை இது என்பதை மியூராவைக் கும்பிடுகிற பலர் கவனிப்பதில்லை.

1965 நவம்பரில் டூரின் கண்காட்சியில் உடம்பே இல்லாமல் அந்த சேஸிஸை மட்டும் கொண்டுபோய் வைத்தார்கள். எடை குறைக்க மேலெல்லாம் வட்ட வட்டமாகத் துளை போட்ட இரும்புச் சட்டம், நடுவில் குறுக்கே படுத்திருக்கும் எஞ்சின். கூட்டம் அதைச் சுற்றியே நின்றது. நாமக்கல்லுக்கு லாரி சேஸிஸை ஓட்டிப்போய் பாடி கட்டிக்கொண்டு வருகிறோமே, அந்தக் காலத்து இத்தாலியிலும் ஏறக்குறைய அந்த ஏற்பாடுதான். கார் கம்பெனி சேஸிஸ் கொடுக்கும், டூரினில் பெர்தோனே, பினின்ஃபரினா, கியா போன்ற பட்டறைகள் பாடி கட்டும். இந்தச் சேஸிஸ் பெர்தோனேவிடம் போனது. அங்கே ஜுஜாரோ என்ற பெரிய கை அப்போதுதான் வேலையை விட்டுப் போயிருந்தார். அவர் இடத்தில் வந்து உட்கார்ந்தவர் மார்செல்லோ காந்தினி, 27 வயது. இசைக்குழு நடத்துநர் ஒருவரின் மகன்.

சில மாதங்களில், 1966 மார்ச்சில், ஜெனீவா கண்காட்சியில் கார் நின்றது. அவசரத்தில் அந்தப் பாடிக்குள் எஞ்சின் உட்காருமா என்று சரிபார்க்கக்கூட நேரமில்லாமல் எடைக்கட்டியை வைத்துப் பின்மூடியைப் பூட்டிவிட்டார்கள் என்பது கார்க்காரர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை.

இப்போது வடிவத்தைப் பாருங்கள். உயரம் 1.05 மீட்டர்தான், நம் சாப்பாட்டு மேஜையை விட ஒன்றரைச் சாண் அதிகம் இருந்தால் பெரிது. கதவுக்குப் பின்னால் கறுப்பாகச் சீப்புப் பல் போலச் சில பட்டைகள். அது எஞ்சினுக்குக் காற்று போகும் வழி. கதவைத் திறக்கும் கைப்பிடியும் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது, பக்கவாட்டுத் தகட்டில் வேறெதுவும் துருத்தாமல் இருப்பதற்காக. பின்கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் ஜன்னல் பலகை போலச் சாய்ந்த கறுப்புச் சட்டங்கள், கீழே கொதிக்கிற எஞ்சினின் சூடு மேலே போவதற்கு. முன்விளக்குகள் மல்லாந்து வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும், போட்டால் எழுந்து நிற்கும். அவற்றைச் சுற்றி இமை முடி மாதிரி கறுப்புக் கம்பிகள். விளக்கோ ஃபியட் 850 ஸ்பைடர் என்ற சின்னக் காரிலிருந்து எடுத்தது! தட்டுப்பாட்டில் எடுத்த விளக்கு ஒரு காருக்கு முகமாகிவிட்டது. அந்த இமைகள் மட்டும் எதற்கென்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, அழகுக்குத்தான். கடைசியாக வந்த எஸ்வி மாடலில் எடுத்துவிட்டார்கள். எனக்கென்னவோ இமை இல்லாத மியூரா தூக்கம் கெட்டவன் மாதிரி தெரிகிறது.

இந்த அழகுக்கெல்லாம் பில் வந்தது. டிரைவர் தலைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு சிலிண்டர். உள்ளே சூடும் சத்தமும் தாங்காது. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர்கள் எஞ்சின் தலைமேல் இருந்ததால் வழிந்த பெட்ரோல் சூட்டில் பட்டுப் பல மியூராக்கள் எரிந்தே போயின. பெட்ரோல் டாங்க் முன்னால் இருந்தது. டாங்க் காலியாகக் காலியாக மூக்கு லேசாகும், அந்த அழகான முன்வளைவு வேகத்தில் காற்றைப் பிடித்து மேலே தூக்கும், ஸ்டியரிங் கையில் இல்லாத மாதிரி ஆகிவிடும். முதல் மாடலுக்கே 350 குதிரைசக்தி, மணிக்கு 280 கிலோமீட்டர் போகும் என்று கம்பெனி சொன்ன காரில் இது விளையாட்டில்லை. 1973 வரைக்கும் மொத்தம் எழுநூற்றுச் சொச்சம் மியூராக்கள் செய்தார்கள். ஒவ்வொரு மாடலிலும் இந்தக் குறைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே வந்தார்கள். எஸ்வியின் கடைசிக் கார்களில்தான் எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் தனித்தனியாகப் பிரிந்தன.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் ரசிகர்கள் ரசிக்கிறார்கள். குறையையும் அழகையும் பிரிக்க முடியாது, ஏனென்றால் இரண்டும் எஞ்சினைக் குறுக்கே திருப்பிய அந்த ஒரு முடிவிலிருந்து வந்தவை. நம் வீட்டில் பெரியவர்கள் ஒரு கோயில் மண்டபத்துக்குள் போனதும் தூணைத் தட்டிப் பார்த்து, இந்தக் கல்லை எப்படி ஏற்றியிருப்பான் என்று கேட்பார்களே, கிட்டத்தட்ட அந்தக் கேள்விதான் இது.

அடுத்த கார் இன்னும் சுவாரசியமானது. உங்கள் மகன் சுவரில் இருப்பதும் அநேகமாக அதுதான்: குன்டாச். ஆங்கில எழுத்தைப் பார்த்துக் கவுன்டாக் என்று படிப்பார்கள். டூரின் இருக்கும் பீட்மான்ட் பகுதியின் பேச்சுமொழியில் அது வியப்பில் வாயிலிருந்து தானாக வரும் சொல். நம் கணக்கில் "அடேயப்பா". ஒரு காருக்கு அடேயப்பா என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும்! அப்படித்தான் வைத்தார்கள்.

முதல் குன்டாச் 1971ல் ஜெனீவாவில் மஞ்சள் நிறத்தில் நின்றது. மியூரா வளைவு என்றால் இது ஆப்பு. மரம் பிளக்க அடிக்கும் ஆப்பை அப்படியே படுக்கவைத்த மாதிரி, மூக்கு நுனியிலிருந்து கண்ணாடி வழியாகக் கூரை வரை ஒரே சாய்வு. காந்தினிதான் இதையும் வரைந்தார். திடீரென்று வந்த யோசனை இல்லை. 1968ல் ஆல்ஃபா ரோமியோவுக்காக கராபோ என்ற மாதிரிக் காரை ஆப்பு வடிவத்தில் செய்தார், மேல்நோக்கித் தூக்கித் திறக்கும் கத்தரிக் கதவு அதில்தான் முதலில் வந்தது. 1970ல் லான்சியா ஸ்ட்ராடோஸ் ஜீரோ. அதன் உயரம் 84 சென்டிமீட்டர், கதவே கிடையாது, முன்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே இறங்க வேண்டும். பட்டறை முதலாளி நுச்சியோ பெர்தோனே அதை லான்சியா அலுவலகத்துக்கு ஓட்டிப்போனபோது வாசலில் இருந்த தடுப்புக் கட்டைக்கு அடியில் அப்படியே நுழைந்து போய்விட்டார் என்பார்கள்.

குன்டாச்சில் பொறியாளர் ஸ்டன்சானி. மியூராவில் எஞ்சினைக் குறுக்கே போட்டதால் வந்த தலைவலியெல்லாம் பார்த்தவர். இந்த முறை நீளவாக்கில் வைத்தார். அப்படியென்றால் கியர்பாக்ஸுக்கு இடம்? எஞ்சினை முன்பின்னாகத் திருப்பி, கியர்பாக்ஸை எஞ்சினுக்கு முன்னால், டிரைவருக்கும் பக்கத்தில் உட்காருகிறவருக்கும் நடுவே நீட்டிவிட்டார். கியர் கம்பி நேராகக் கியர்பாக்ஸ் மேலேயே நிற்கிறது, நீளமான இணைப்புத் தண்டுகள் தேவையில்லை. சக்தி முன்பக்கம் வெளியே வந்து, பிறகு எஞ்சினின் ஆயில் தொட்டிக்குள் ஊடுருவும் ஒரு தண்டு வழியாகப் பின்சக்கரத்துக்குத் திரும்பிப் போகிறது. நான் முதல்முறை இதன் வரைபடத்தைப் பார்த்தபோது ஒரு டீ ஆறிப்போகும் அளவுக்கு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பலன் என்ன தெரியுமா? பன்னிரண்டு சிலிண்டரை நீளவாக்கில் வைத்த பிறகும் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே தூரம் 2450 மில்லிமீட்டர்தான். நம் ரோட்டில் ஓடும் மாருதி ஸ்விஃப்ட்டின் வீல்பேஸும் இப்போது அதே 2450. ஸ்விஃப்ட்டின் உயரம் ஒன்றரை மீட்டர், குன்டாச்சின் உயரம் 1.07 மீட்டர். ஒரே அளவு காலிடை, ஒன்றில் குடும்பம், ஒன்றில் எஞ்சின். எல்லாம் முன்னால் தள்ளப்பட்டதால் உட்காருகிறவர்களின் கால் ஏறக்குறைய முன்சக்கரங்களுக்கு நடுவே போகிறது. கூரை முன்னால் வருகிறது, பானட் குட்டையாகிறது, கண்ணாடி படுத்துவிடுகிறது. ஆக அந்த ஆப்பு காந்தினியின் பென்சிலில் பாதி, ஸ்டன்சானியின் கியர்பாக்ஸில் பாதி.

கத்தரிக் கதவும் சும்மா வந்ததில்லை. அகலமான காரில் நீளமான கதவு பக்கவாட்டில் திறந்தால் பக்கத்தில் இன்னொரு கார் நிற்க முடியாது. இன்னொன்று, குன்டாச்சில் பின்னால் எதுவுமே தெரியாது. முதலில் கூரையில் ஒரு பள்ளம் வைத்து பெரிஸ்கோப் கண்ணாடி வழியாகப் பார்க்கும் ஏற்பாடு யோசித்தார்கள். அந்தப் பள்ளத்தோடு வந்த ஆரம்பகால நூற்றைம்பதுச் சொச்சம் கார்களைப் பெரிஸ்கோப்பியோ என்றே அழைக்கிறார்கள். நடைமுறையில் ரிவர்ஸ் எடுக்க வேண்டுமென்றால் கதவை மேலே தூக்கிவிட்டு, காரின் விளிம்பில் உட்கார்ந்து, தலையை வெளியே திருப்பிப் பின்னால் பார்த்தபடி ஓட்ட வேண்டும். மாட்டு வண்டியைப் பின்னால் தள்ளுகிறவர் பார்ப்பது போல. கோடிக்கணக்கில் விலை போகும் காரில்!

அந்த மஞ்சள் கார் விற்பனைக்கு வர மூன்று வருடம் ஆயிற்று. காரணம் சூடு. காந்தினி முதலில் வரைந்ததில் பக்கவாட்டில் மெல்லிய செதில் மாதிரி கீறல்கள் மட்டும்தான். ஓட்டிப் பார்த்தால் எஞ்சின் கொதித்தது. பாப் வாலஸ் ஓட்டி ஓட்டிச் சொல்லச் சொல்ல, தோளில் பெட்டி மாதிரி இரண்டு காற்று வாய் எழுந்தது, கதவிலிருந்து பின்சக்கரம் வரை விமானங்களில் வரும் முக்கோணக் குழி ஒன்று வெட்டப்பட்டது. சுத்தமான ஒரு கோட்டுக்கு இவ்வளவு வெட்டுக் காயம். வேறு ஒருவர் கையில் கார் கெட்டுப்போயிருக்கும். காந்தினி அந்தக் குழியையே காரின் அடையாளமாக்கிவிட்டார். 1974ல் விற்பனைக்கு வந்த முதல் குன்டாச் மாடலான எல்பி400ஐப் பக்கவாட்டில் பாருங்கள், அந்தக் குழி இல்லாமல் அதை நினைத்துப் பார்க்க முடியாது. என் தொழிலில் இது தினமும் நடக்கிற கதை. வாடிக்கையாளர் கடைசி நேரத்தில் இங்கே ஒரு ஓட்டை வேண்டும் என்பார். ஓட்டை போட்டுக் கொடுப்பவர் நூறு பேர் இருக்கிறார்கள். அந்த ஓட்டை ஆதியிலிருந்தே அங்கே இருந்தது என்று நம்ப வைப்பவர் ஒருவர் இருந்தால் அதிகம்.

மூல மஞ்சள் கார் 1974ல் இங்கிலாந்தில் மோதல் சோதனைக்கு அனுப்பப்பட்டு நொறுங்கிப்போனது. அரை நூற்றாண்டு கழித்து ஒரு ரசிகர் கேட்டுக்கொண்டதற்காக, பழைய புகைப்படங்களையும் ஆவணங்களையும் வைத்து லம்போர்கினியே அதை மறுபடி செய்தது. 2021ல் முடிந்தது. 25,000 மணி நேர வேலை என்று கம்பெனி சொன்னது.

பிறகு குன்டாச் 1990 வரை ஓடியது. சக்கரத்தின் மேல் அகன்ற புருவம், பின்னால் பெரிய இறக்கை என்று மேலே மேலே சேர்த்துக்கொண்டே போனார்கள். சுவரில் ஒட்டும் படங்களில் பெரும்பாலும் இந்த இறக்கை வைத்த கார்தான். சொல்லக் கசப்பாக இருக்கிறது, அந்த இறக்கை கார் வேகத்தைக் குறைத்தது. பின்பகுதியைக் கீழே அழுத்தும், ஆனால் காற்றையும் இழுக்கும். ஆசைப்பட்டவர்கள் கூடுதல் காசு கொடுத்துப் பொருத்திக்கொண்டார்கள். ஆக உங்கள் "ஷோதானே" என்ற சந்தேகம் இங்கே முழுக்கச் சரி. எனக்கு இறக்கை இல்லாத 1974 மாடல்தான் கார். மற்றதெல்லாம் கல்யாண மாப்பிள்ளைக்குப் போட்ட ஏழு மாலை.

இன்னொரு உண்மையும் சொல்லிவிடுகிறேன். ஆப்பு வடிவம் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்று நாம் நினைக்கிறோம். காற்றுக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. காற்றுக்கு முன்பக்கக் கூர்மையை விடப் பின்பக்கம் மெல்ல ஒடுங்குவது முக்கியம். மீனைப் பாருங்கள், தலை மழுங்கல், வால்தான் ஒடுக்கம். குன்டாச்சின் அகன்ற டயரும் திறந்த காற்று வாய்களும் வெட்டிவிட்ட வாலும் சேர்ந்து அதன் காற்றுத்தடை எண்ணை 0.40க்கு மேலே கொண்டுபோய்விட்டன. 1982ல் வந்த ஆடி 100 என்ற சாதுவான குடும்பக் காருக்கு அது 0.30. வேகமாகப் போவதும் வேகமாகத் தெரிவதும் வேறு வேறு. காந்தினிக்கு இரண்டாவது கைவந்தது. அதுவும் லேசான காரியமில்லை, நிற்கிற காரை ஓட வைப்பது.

எல்லோரும் இந்த வழியில் போகவில்லை. 1987ல் வந்த ஃபெராரி எஃப்40 நேர் எதிர். ஃபெராரி கம்பெனியின் நாற்பதாவது வருடத்துக்காகச் செய்தது, என்சோ ஃபெராரி உயிரோடு இருந்தபோது வந்த கடைசிக் கார். அடுத்த வருடம் இறந்துவிட்டார். உள்ளே கம்பளம் கிடையாது, கதவைத் திறக்க ஒரு கயிறு, பாகங்களை ஒட்டிய பச்சைப் பசை அங்கங்கே கண்ணுக்குத் தெரியும். பெயின்ட் எவ்வளவு மெல்லியது என்றால் அடியில் இருக்கும் கார்பன் நூல் நெசவு வெளிச்சத்தில் தெரியும். வேறு காரில் இதெல்லாம் இருந்தால் நான் முதல் ஆளாகக் குறை சொல்வேன். இங்கே எடை குறைய வேண்டும் என்ற ஒரே பிடிவாதம் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறது.

1992ல் மக்லாரன் எஃப்1. வடிவமைத்தவர் கார்டன் மரே, பந்தயக் கார்களில் பழம் தின்று கொட்டை போட்டவர். டிரைவர் நட்ட நடுவில் உட்காருவார், இரண்டு பக்கமும் சற்றுப் பின்னால் இரண்டு பேர். எஞ்சின் அறைக்குள் சூட்டைத் திருப்பியடிக்கத் தங்கத் தகடு ஒட்டினார்கள். இதுவும் பகட்டு மாதிரித் தெரியும், ஆனால் வெப்பத்தைத் திருப்புவதில் தங்கம் கெட்டிக்காரத்தனமான பொருள். பெரிய இறக்கை எதுவும் இல்லாமல் 1998ல் மணிக்கு 386 கிலோமீட்டர் தொட்டது. அதன் கதவு முன்னோக்கிச் சாய்ந்து மேலே போகும். அந்த யோசனை எங்கிருந்து வந்தது? டொயோட்டா சேரா என்ற விலை குறைந்த ஜப்பான் காரிலிருந்து. மரேயே சொன்னது. மினியிலிருந்து மியூரா, சேராவிலிருந்து மக்லாரன்.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு, உங்கள் கேள்விக்கு இது நேராகத் தொடர்புடையது. காந்தினியும் ஜுஜாரோவும் 1938 ஆகஸ்டில் பத்தொன்பது நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். ஃபெராரி டேடோனாவை வரைந்த ஃபியோரவன்டியும் அதே வருடம் ஜனவரி. ஒரே வருடத்தில் இப்படி மூன்று பேர்! காந்தினி குன்டாச்சோடு நிற்கவில்லை, சிட்ரோயன் பிஎக்ஸ் என்ற நடுத்தரக் குடும்பக் காரும் இரண்டாம் தலைமுறை ரெனோ 5ம் அவர் கைதான். ஜுஜாரோ லோட்டஸ் எஸ்பிரிட்டையும் வரைந்தார், ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபையும் வரைந்தார். கொரியாவில் ஹ்யுண்டாய் சொந்தமாகச் செய்த முதல் கார் போனி, 1975. அதுவும் அவர் வரைந்தது. நம் நாட்டிலும் அந்த டூரின் காற்று அடித்திருக்கிறது: 1998ல் வந்த டாடா இண்டிகாவின் வடிவம் டூரினில் இருந்த ஐ.டி.இ.ஏ. என்ற நிறுவனத்தோடு சேர்ந்து உருவானது. வாடகைக் காராக எத்தனை இண்டிகாவில் ஏறி இறங்கியிருப்போம். கொஞ்ச இடத்தில் அதிக மனிதரை உட்காரவைக்கும் கணக்கும், கொஞ்ச இடத்தில் பெரிய எஞ்சினை உட்காரவைக்கும் கணக்கும் ஒரே பட்டறையில், சில சமயம் ஒரே மேஜையில் நடந்தவை.

இப்போது வரும் சூப்பர் கார்களைப் பற்றிக் கேட்டால் எனக்கு அரை மனசுதான். எண்களில் பழைய கார்களை ஊதித் தள்ளிவிடும், ரிவர்ஸ் கேமரா உண்டு, வேகத்தடையில் மூக்கைத் தூக்கிக்கொள்ளும் வசதியும் பலவற்றில் உண்டு. ஆக உங்கள் வேகத்தடைக் குறை ஓரளவு தீர்ந்துவிட்டது. எழுந்து நிற்கும் முன்விளக்கு 2004 வாக்கில் வழக்கொழிந்தது, பாதசாரி மேல் மோதினால் காயம் குறைய வேண்டும் என்ற விதிகளும் சின்ன விளக்குகளும் சேர்ந்து அதை அனுப்பிவிட்டன. அது நியாயம்தான். ஆனால் சில கார்களின் பக்கவாட்டில் கோட்டுக்கு மேல் கோடு, வெட்டுக்கு மேல் வெட்டு, அதில் எது காற்றுக்கு, எது கண்ணுக்கு என்று பிரிக்கவே முடிவதில்லை. சில காற்று வாய்களுக்குள் விரலை விட்டால் அரை அங்குலத்தில் பிளாஸ்டிக் தட்டுகிறது. பொய் ஓட்டை. அதைச் செய்வதற்கும் ஒரு டை வேண்டும், செய்து கொடுப்போம், சம்பளம் வரும், அது வேறு விஷயம். அர்ஜென்டினாவிலிருந்து வந்து லம்போர்கினியில் வேலை பார்த்து, பிறகு தனியாகக் கம்பெனி ஆரம்பித்த ஹொராசியோ பகானி மாதிரி ஓரிருவர்தான் உள்ளே இருக்கும் ஒவ்வொரு திருகாணியையும் பார்க்கத் தகுந்ததாகச் செய்கிறார்கள்.

ரசிகர்களிலும் இரண்டு வகை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். விலையையும் குதிரைசக்தியையும் மட்டும் மனப்பாடம் செய்கிறவர்கள் ஒரு வகை. அவர்களிடம் பேசினால் நகைக்கடை ரசீது வாசிப்பது போல இருக்கும். உங்கள் மகன் எந்த வகை என்று தெரிந்துகொள்வது எளிது. அந்தக் கார் எவ்வளவு என்று கேட்காமல், பக்கவாட்டில் இந்தக் குழி எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். அவன் ரேடியேட்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பயப்பட ஒன்றுமில்லை, அவன் படித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

அவன் வரைகிறவனாக இருந்தால் ஒன்று சொல்லிக்கொடுங்கள். முதலில் பாடியை வரையக்கூடாது. தரைக்கு ஒரு கோடு, அதன் மேல் இரண்டு சக்கரம். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று சக்கரம் அளவு இடைவெளி. பிறகு ஒரு மனிதனை உட்காரவைக்க வேண்டும், அதன் பின் எஞ்சினுக்கு ஒரு பெட்டி. இவ்வளவையும் வைத்த பிறகு மேலே ஒரே ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள், முன்னிருந்து பின் வரை, பென்சிலை எடுக்காமல். முதல் பத்துத் தடவை மனிதனின் தலை கூரையில் இடிக்கும்.